டயர் கடையில "ரெண்டையும் செட்டா மாத்துங்க"ன்னு சொன்னா உஷாரு, பினாங்கு மோட்டார்காரங்க கண்டிப்பா படிங்க

பிறையிலருந்து பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போற நம்மாளுங்க எத்தன பேரு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இத எழுதுறேன். என் யமஹா ஒய்15 மோட்டார்சைக்கிள் பின் டயர ரோட்டோரம் கெடந்த தகரம் ஒண்ணு சைடுல கிழிச்சிருச்சி. சைடுல வெட்டு விழுந்தா ஒட்டு நிக்காது, மாத்தித்தான் ஆகணும், அது சரி. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கடையில விட்டேன்.

கடைக்காரர் டயர பாக்குறதுக்கு முன்னாடியே "தம்பி, பின்னாடி மட்டும் மாத்துனா முன்னாடியோட மேட்ச் ஆவாது, மழையில மோட்டார் இழுத்துரும், செட்டா போட்ருங்க"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. என் முன் டயர்ல பூ (ரோட்ட புடிக்கிற வரி) நல்லாவே இருந்துச்சி. ரெண்டும் சேத்து 380 வெள்ளி வாங்கிட்டு பழைய முன் டயரயும் அவரே வச்சிக்கிட்டாரு.

அடுத்த மழையில பாலத்து மேல இரும்பு ஜாயிண்ட் ஏறுற எடத்துல முன் சக்கரம் வழுக்குச்சி, பிரேக்க லேசா தொட்டா பின்பக்கமும் ஆடுது, பக்கத்துல லாரி வேற, 13.5 கிலோமீட்டர் பாலம், நெனச்ச எடத்துல நிறுத்தி பாக்குற எடமா அது? உயிரு கையில இல்ல.

செபராங் ஜெயாவுல தெரிஞ்ச மெக்கானிக் மாமா ஒருத்தரு முன் டயர துணியால தொடச்சாரு, கறுப்பு பாலிஷ் அப்படியே துணியில வந்துச்சி. அதுக்கு அடியில பூவுக்கு நடுவுல முடி மாதிரி வெடிப்பு. டிஸ்க் பக்கம் டார்ச் அடிச்சி "இந்த நம்பர படி மா"ன்னாரு. டாட்-ங்குற எழுத்து வரிசையோட கடைசியில 4016ன்னு இருந்துச்சி, 2016ல 40வது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். புதுசுன்னு சொல்லி வித்தது இது! சில டயர்ல அந்த நம்பர் ஒரு பக்கந்தான் இருக்கும், அந்தப் பக்கத்த டிஸ்க் பக்கமா மறைச்சி மாட்டியிருக்கான்.

பின்னாடி இன்னும் மோசம். ஒய்15க்கு கம்பெனி சொன்ன சைஸ் முன்னாடி 90/80-17, பின்னாடி 120/70-17, லோட் நம்பர் (டயர் எவ்ளோ எடை தாங்கும்னு காட்டுற நம்பர்) 58. எனக்கு மாட்டுனது 110/70-17, லோட் நம்பர் 54. 58ன்னா 236 கிலோ தாங்கும், 54ன்னா 212தான், பின்னாடி ஆள ஏத்திக்கிட்டு போறவங்க யோசிச்சிப் பாருங்க. அம்புக்குறி வேற திருப்பி இருக்கு, அதாவது சக்கரம் சுத்துற தெசைக்கு எதிரா மாட்டியிருக்கான். மேட்ச் மேட்ச்னு பேசுனவன் செஞ்ச வேல இது.

மேட்ச்னா என்னன்னு மாமா சொன்னதயும் எழுதிடுறேன். கம்பெனி சொன்ன சைஸ், லோட் நம்பர் கொறையக் கூடாது, பயஸ் டயரோட (உள்ள நூல் குறுக்கா ஓடுறது) ரேடியல (நூல் நேரா ஓடுறது) கலக்கக் கூடாது, ஒரே பிராண்ட் ஒரே மாடல்னா நல்லது. அதுக்காக நல்லா இருக்குற முன் டயர கழட்டி வீசணும்னு அவசியமே இல்ல. டயர ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே கையில வாங்கி நம்பர போட்டோ எடுங்க, பில்லுல சைஸ எழுதச் சொல்லுங்க, பழைய டயர கேட்டு வாங்குங்க.

அந்தக் கடைக்குத் திரும்பிப் போய் கேட்டா "வித்த பொருள் வாபஸ் இல்ல"ன்னு சுவத்துல ஒட்டுன பேப்பர காட்டுறாரு. அந்தப் பேப்பர்லாம் செல்லாதுங்க, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் குடுக்குற உத்தரவாதத்த கடைக்காரர் ஒரு போர்ட மாட்டி ரத்து பண்ண முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டுனா புகார் போடலாம், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். நான் பில்லு, டயர் போட்டோ எல்லாம் வச்சி போட்டாச்சி, விசாரணை தேதிக்கு காத்திருக்கேன். அந்த ரெண்டு டயரயும் கழட்டி வீட்லயே வச்சிருக்கேன், ஆதாரத்துக்கு. உங்க யாருக்காச்சும் இதே மாதிரி நடந்திருந்தா பில்ல தூக்கிப் போட்டுறாதீங்க, வாங்கி மூணு வருஷத்துக்குள்ள நீங்களும் போடலாம்.