கழற்றிப் பார்த்த பிறகே பதில் சொல்லும் டயர்க் கடை

ஸ்போர்ட்ஸ் காரின் டயரில் ஆணி ஏறிவிட்டால் சிங்கப்பூரில் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தாம் கிடைக்கின்றன. வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம் என்பது ஒன்று. இந்த வகை டயரை ஒட்டவே கூடாது, பின்புறம் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே டயரை ரிம்மிலிருந்து கழற்றாமல் சொல்லப்படுபவை என்பதால், இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் நான் சென்ற சிறிய கடையில், கழற்றி உட்புறத்தைப் பார்க்கும்வரை எந்தப் பதிலும் சொல்ல மறுத்தார்கள். அந்த மறுப்புக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் மதிப்பிடுவது அவர்கள் வேலை செய்யும் முறையை. ஊபியிலோ சின் மிங்கிலோ அதே முறையைக் கடைப்பிடிக்கும் கடை எதுவாக இருந்தாலும் இந்தப் பாராட்டு அதற்கும் பொருந்தும்.

கார் போர்ஷே 718 கேமன் எஸ். அதன் பின் டயர்களின் அளவு 265/40 ஆர்19. பக்கவாட்டில் 98 ஒய் என்று பொறித்திருக்கும். 98 என்பது ஒரு டயர் 750 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், ஒய் என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை அது சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறிக்கும். இந்தக் காரில் மாற்று டயர் கிடையாது. காற்றடிக்கும் சிறு பம்பும் துளையை அடைக்கும் திரவக் குப்பியும் மட்டுமே கொடுக்கப்படுகின்றன. இடப்புறப் பின் டயரின் காற்றழுத்தம் மெல்லக் குறைந்துவருவதைக் காரின் திரையே காட்டியது. தரையைத் தொடும் பகுதியின் நடுவில் ஒரு திருகாணி இறங்கியிருந்தது. திரவத்தைத் தொடாமல் பம்பினால் காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு நேராகக் கடைக்குச் சென்றேன். திரவத்தை உள்ளே செலுத்திவிட்டால் அது உட்புறம் முழுவதும் படர்ந்துவிடும். ஒட்டு பிடிப்பதற்கு அதை முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதோடு, அழுத்தத்தை அளக்கும் உணர்கருவியும் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

டயர் வேலை பார்ப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒட்ட முடியுமா என்று கேட்டதற்கு, “உள்ளே பார்க்காம எதுவும் சொல்ல முடியாதுண்ணே, கழற்றிடுறேன்” என்றார். கழற்றியதும் அவர் முதலில் தேடியது துளையை அன்று. பக்கச்சுவரின் உட்புறத்தை விளக்கொளியில் சுற்றிலும் தடவிப் பார்த்தார். காற்றில்லாமல் ஓடிய டயரில் பக்கச்சுவர் மடங்கி மடங்கி, உள்ளே கரிய ரப்பர்த் தூள் சேர்ந்திருக்கும். வளையம் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். அத்தகைய டயரின் துளையை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் சுவரின் இழைகள் வலுவிழந்தவையே, அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்போர்ட்ஸ் காரில் பக்கச்சுவரின் உயரம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சேதம் சிறிது தூரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. என் டயரில் தூளும் இல்லை, சுருக்கமும் இல்லை. அதன் பிறகுதான் துளையை அளந்தார். தரையைத் தொடும் பகுதியின் மையத்தில், தோள்பட்டைக்கு (அந்தப் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரத்துக்கு) வெகு உள்ளே, 6 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. ஒட்டக்கூடிய டயருக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை அதுதான். தோள்பட்டையிலும் பக்கச்சுவரிலும் விழும் துளை எவ்வளவு சிறியதானாலும் ஒட்டத் தகுதியற்றது, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் இடம் அது.

இதே கடையில் என் மைத்துனரின் டொயோட்டா ஜிஆர்86 காருக்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. அவருடைய 215/40 ஆர்18 டயரிலும் ஆணி நடுவில்தான் ஏறியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியவில்லை. ஆனால் காற்று இறங்கிய நிலையிலேயே வீட்டிலிருந்து ஓட்டி வந்திருந்ததால், உள்ளே கைப்பிடியளவு கரிய தூள் கிடந்தது. ஒட்டித் தர முடியாது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஒட்டிக் கொடுத்திருந்தால் அவருக்கு அன்று தெரிந்திருக்கப் போவதில்லை. வெளியிலிருந்து திரி செருகும் கடையாக இருந்தால் கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் கழற்றிப் பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றலாமே என்று மைத்துனர் கேட்டபோது, எதிர்ப்புறப் பின் டயரில் தரையைத் தொடும் பரப்பின் பள்ளத்தை அளந்து காட்டினார்கள். அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ஆரத்தில் 3 மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். ஏறத்தாழ 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில் அது ஒரு விழுக்காட்டை நெருங்குகிறது. ஜிஆர்86 காரின் பின் அச்சில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைச் சமாளிக்கும் பல்சக்கர அமைப்பு) இருப்பதால், ஒரு டயரை மட்டும் மாற்றினால் நேர்ச்சாலையில் போகும்போதும் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஈரச்சாலையிலும் இடப்புறமும் வலப்புறமும் ஒரே பிடிமானம் கிடைக்காது. நவம்பர் தொடங்கிப் பருவமழை கொட்டும் ஊரில் இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பின்புறம் இரண்டையும் மாற்றினார்கள். எதிர்ப்புற டயர் புதிதாக இருந்திருந்தால் ஒன்றே போதும் என்று சொல்லியிருப்போம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். இரண்டையும் மாற்றச் சொன்னது விற்பனைக்காக அல்ல.

என் டயருக்குச் செய்த ஒட்டு வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருகாணி எந்தச் சாய்வில் இறங்கியதோ அதே சாய்வில் துளையைத் துருவிச் சுத்தம் செய்தார்கள். உட்புற ரப்பர் படலத்தை ஒட்டின் அளவுக்குத் தேய்த்து, தூளை உறிஞ்சி எடுத்து, பசை தடவி அது காயும்வரை காத்திருந்தார்கள். பிறகு காம்பும் குடையும் சேர்ந்த மஷ்ரூம் பேட்ச்சை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடைப் பகுதியைச் சிறு உருளையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி, ஓரங்களில் அடைப்புப் பசை பூசினார்கள். காம்பு துளையை நிறைக்கிறது. குடை உள்ளிருந்து காற்றைத் தடுக்கிறது. இரண்டும் தேவை. வெறும் திரியைச் செருகினால் காற்று நிற்கலாம், ஆனால் அதன் ஓரமாக மழைநீர் கசிந்து எஃகு இழைப் பட்டைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வெறும் பேட்ச்சை மட்டும் உள்ளே ஒட்டினாலும் துளை வெளிப்புறம் திறந்தே இருப்பதால் அதே துரு வரும். காற்றடித்த பிறகு சோப்பு நீர் தெளித்துக் கசிவைச் சோதித்தார்கள், சக்கரத்தைப் பேலன்ஸ் செய்தார்கள், கையேட்டில் குறிப்பிட்ட முறுக்குக்கு டார்க் ரென்ச்சால் திருகுகளை முடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் கொடுத்தது 50 வெள்ளிக்கும் குறைவு. பின் டயர்கள் இரண்டையும் மாற்றியிருந்தால் ஆயிரம் வெள்ளியை எட்டியிருக்கும்.

இப்படி ஒட்டிய டயரை அதன் முழு வேகத்தில் ஓட்டலாமா என்பதுதான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் உண்மையான கேள்வி. அதிவேக டயர்களில் எஃகுப் பட்டைகளுக்கு மேல் நைலான் இழை உறை ஒன்று சுற்றப்பட்டிருக்கும். வேகம் கூடும்போது டயர் வெளிநோக்கி விரிவதை அதுவே அடக்குகிறது. ஆணி அந்த இழைகளில் சிலவற்றை அறுத்துவிடுகிறது, எந்த ஒட்டும் அவற்றை மீண்டும் இணைப்பதில்லை. இந்தக் காரணத்தால், ஒட்டிய பிறகு வேக மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லும் டயர் நிறுவனங்களும் உண்டு, முறைப்படி ஒட்டினால் ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. கடைக்காரர் இதை மறைக்காமல் சொன்னார். என் முடிவு இது: சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், துவாஸ் இரண்டாம் இணைப்பைக் கடந்து மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் 110. இந்த வேகங்களுக்கு, உட்புறச் சேதமில்லாத டயரில் செய்த ஒழுங்கான ஒட்டு போதுமானது. செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு அந்த டயரை நான் பயன்படுத்த மாட்டேன். தொடர்ந்து பல சுற்றுகள் வேகமாக ஓட்டும்போது டயரில் ஏறும் வெப்பமும் விசையும் அன்றாடச் சாலையில் நாம் அறிந்தவற்றைவிட மிக அதிகம். ஆண்டுக்குச் சில முறையாவது தடத்திற்குச் செல்பவர், துளை எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி.

தேய்மானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சட்டம் வைக்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயருக்கு ஒட்டுச் செலவு செய்வதில் பயனில்லை என்றே நினைக்கிறேன். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கார்களில் பள்ளம் தேயாமலேயே ரப்பர் முதிர்ந்துவிடுவதால், இந்த எண்ணையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். உள்ளே ஒலியடக்கும் நுரை ஒட்டப்பட்ட டயர்களில் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்துத்தான் பேட்ச் போட முடியும். அதைச் செய்துதரும் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் குறைகளும் உள்ளன. தாழ்வான கார்களுக்கு ஏற்ற ஜாக் ஒன்றுதான் இருப்பதால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உட்கார நிழலான இடம் இல்லை. போர்ஷே அங்கீகாரத்தைக் காட்டும் ‘N’ என்ற எழுத்துக் குறியுள்ள டயர்களைக் கையிருப்பில் வைத்திருப்பதில்லை, வரவழைத்துத்தான் தர வேண்டும். ரசீதில் ஒட்டிய இடத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் எழுதித் தருவதில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது. காரை நாளை வாங்குபவருக்கு அந்தத் தகவல் தெரிய வேண்டும். நான் கேட்ட பிறகு கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒட்டிய பிறகு, காலையில் காரை எடுக்கும் முன் இரண்டு பின் டயர்களின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு வருகிறேன். வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் (காற்றழுத்த அலகு) மாறும் என்பதால், ஒரு டயரின் எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படுவதில் பொருளில்லை. ஒரே அச்சில் உள்ள இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதே முக்கியம். இதுவரை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. விரைவுச்சாலையில் காற்று முழுவதும் இறங்கிவிட்டால், டயரைக் காப்பாற்றும் எண்ணம் இருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே போக வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் கட்டணமின்றி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்தில் சேர்த்துவிடும், அங்கிருந்து காரை மேடை லாரியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பலாம். போகும்போது சக்கரப் பூட்டுத் திருகுக்கான சாவியை மறக்காமல் காரிலேயே வைத்திருங்கள். அது இல்லாமல் அவர்களால் சக்கரத்தைக் கழற்ற முடியாது.