நீரோடியில் எங்கள் வீட்டு சன்ஷேடு ரிப்பேர்: இந்த முறை ஒழுங்காகச் செய்தார்கள்

குமரி மாவட்டக் கடலோர ஊரான நீரோடியில், எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடும் கல்சுவரும்தான். ஆனி, ஆடியில் அலை கல்லில் மோதித் தெறிக்கிற நாட்களில் ஜன்னல் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும், அதே உப்புதான் கான்கிரீட்டுக்குள்ளும் இறங்குகிறது. இரண்டு வருஷம் முன்னால் மேற்குப் பக்க சன்ஷேடிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி பெயர்ந்து, அம்மா மீன் கழுவுகிற இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அப்போது அம்மா அங்கே இல்லை.

முதலில் வந்தவர் விழுந்த இடத்தில் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். பத்து மாதம்கூட ஆகவில்லை, பூசின இடம் அப்படியே இருக்க அதன் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது.

அப்புறம்தான் களியக்காவிளைப் பக்கமிருந்து இந்தக் குழுவைக் கூப்பிட்டோம். மேஸ்திரி அண்ணன் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், உள்ளே விட்டுப்போய்ப் பொத்தென்று கேட்ட இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். “உப்பு ஏறின பழசை விட்டுட்டு நடுவுல மட்டும் புதுசு வச்சா, ஓரத்துல இருக்கிற கம்பி முன்னவிட வேகமா துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேக்கும், அதான் பிளக்குது” என்றார். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்று உடைத்து அளந்தால் 15 மில்லிமீட்டர்கூட இல்லை! கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி கடலோரத்தில் 45, அலைத்துளி தெறிக்கும் இடத்தில் 50 இருக்க வேண்டும். வீடு கட்டும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பென்சில் கனத்துக்கு இளைத்துப்போன இரண்டு கம்பிகளை மாற்றி, துருவைத் தடுக்க ஜிங்க் பிரைமர் அடித்து, நன்றாக ஒட்டுவதற்காக பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை வைத்தார்கள். பழைய சன்ஷேடு அதிகக் கனம் தாங்காது என்பதால் கம்பிக்கு மேல் மூடுவதை 30 மில்லிமீட்டர் வரைதான் ஏற்ற முடிந்தது, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, எங்கள் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துத் துப்பிவிட்டு, கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் லாரிக்குச் சொன்னதுதான்.

குறை என்றால், சொன்னதைவிட ஒன்பது நாள் தாமதம், உடைத்த கான்கிரீட்டை நாங்களேதான் அள்ளினோம். கூலியும் முதல் ஆளைப்போல மூன்று மடங்கு.

இந்த ஆடி முடிந்ததும் ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்தேன். எங்கும் கணீரென்றுதான் கேட்டது. வடக்கு மூலையில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கிறது, போன் பண்ணியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார்களாம்.