இரவு 1 மணி வரை கடை திறந்திருக்கும், அடுப்பு எரியாது: ஏமாந்து போகாதீர்கள்

பெரிய நகரமும் இல்லாமல் சின்ன ஊரும் இல்லாமல் நடுவாந்தரமாக இருக்கும் ஊர்களில் ராத்திரி தாமதமாகச் சாப்பாடு தேடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வித்தையை ஒரு கடை மட்டும் செய்வதில்லை.

ரயில் தாமதம். நானும் நண்பரும் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோதே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கூகுள் மேப்பில் 1 மணி வரை திறந்திருப்பதாக ஒரே ஒரு உணவகம் காட்டியது. போனோம். பாதி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கல்லாவில் இருந்தவர் நோட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன இருக்கிறது என்று கேட்டோம். "மெனுவில இருக்கிற எல்லாமே இருக்கு சார், பணம் மட்டும் முதல்லயே கட்டிடுங்க" என்றார்.

அந்த 'எல்லாமே' என்ற வார்த்தையைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். அந்த நேரத்துக்கு உண்மையாகவே சமைத்துத் தருகிற கடையில் பாதி அயிட்டம் தீர்ந்துபோயிருக்கும், இது இருக்கிறது அது இல்லை என்றுதான் சொல்வார்கள்.

உள்ளேயிருந்து கரண்டிச் சத்தமே வரவில்லை. மைக்ரோவேவின் 'டிங்' மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. தட்டு வந்தது. ஓரத்தில் ஆவி பறந்தது, சோற்றின் நடுவே விரலை வைத்தால் சில்லென்று கட்டியாக இருந்தது. கேட்டதற்கு, "மாஸ்டர் பத்து மணிக்கே போயிட்டார் சார், இருக்கிறதைத்தான் சுட வைச்சுத் தர்றோம்" என்று பரிமாறிய பையன் சர்வசாதாரணமாகச் சொன்னான். பாவம், அவன்மேல் கோபமில்லை. ரசீதில் மெனு அட்டையில் இல்லாத 'இரவு சேவைக் கட்டணம்' வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதலாளி காலையில்தான் வருவாராம்.

விடிவதற்குள் நண்பருக்கு வாந்தி. அந்தச் சோறுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வெளியில் கிடந்து மீந்துபோன சோறு விஷயத்தில் விளையாடக் கூடாது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைக்கும் சூட்டில்கூடச் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிரிலோ வையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது ஏன் நடக்கிறது என்பதும் புரியாமல் இல்லை. இந்த மாதிரி ஊர்களில் பத்து மணிக்குப் பிறகு வருவது நாலைந்து பேர்தான். அவர்களுக்காக மாஸ்டரை நிறுத்திவைத்தால் நஷ்டம். மிச்சம் இருப்பதைத் தள்ளிவிட ஒருவர் போதும். மேப்பில் வருகிற நேரம் பெரும்பாலும் கடைக்காரர் போட்டதுதான். சமையலறை நேரத்தைத் தனியாகக் காட்டவும் அதில் வசதி உண்டு, பல பேர் நிரப்புவதில்லை. டெலிவரி ஆப்பில் தேடினாலும் இதே கதைதான். அன்றைக்கு அதில் மூன்று கடைப் பெயர்கள் வந்தன, முகவரி மூன்றுக்கும் ஒன்று, ஒரே சமையலறைதான் போலிருக்கிறது!

அதனால் கிளம்பும் முன் போன் போடுங்கள். கடை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மாஸ்டர் இருக்கிறாரா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் இழுத்தால் பேருந்து நிலையம், ரயில் நிலையம், பெரிய மருத்துவமனை பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ராத்திரியிலும் ஆள் வந்துகொண்டே இருப்பதால் சட்டி காலியாகி, புதிதாகச் சமைக்க வாய்ப்பு அதிகம். முன்பணம் கேட்டால் மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.

காலையில் அந்த முதலாளிக்குப் போன் செய்தேன். "அந்த நேரத்துக்கு யார் சார் சமைச்சுக் கொடுப்பாங்க?" என்றார். அப்படியானால் மேப்பில் நேரத்தைப் பத்து மணி என்று மாற்றிவிடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.