நீஸ்ல தங்கி கடலோர ஊரும் மலை ஊரும்: கார் வேண்டாம், ட்ரெயினும் பஸ்ஸும் போதும்

சவுத் ஃப்ரான்ஸ் போறவங்க முக்காவாசி பேர் முதல்ல கேக்குறது கார் எடுக்கணுமான்னுதான். நீஸ்ல ரூம் போட்டா வேண்டவே வேண்டாம், இதை அடிச்சு சொல்லுவேன். அங்க ஊருங்க எல்லாம் கடலுக்கும் மலைக்கும் நடுவுல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, ரோடு குறுகல், பார்க்கிங் குதிரைக்கொம்பு. ஆனா நீஸ் வில் ஸ்டேஷன்ல மந்தோன் பக்கம் போற டிஇஆர்ங்கிற லோக்கல் ட்ரெயின் ஏறுனீங்கன்னா கடலை ஒட்டியே போகும், வலது பக்கம் ஜன்னல் சீட் புடிங்க, சுரங்கம் விட்டு வெளிய வரப்பல்லாம் அந்த நீலம் வந்து கண்ணுல அடிக்கும்.

முதல்ல வில்ஃபிரான்ஷ்-சுர்-மேர். பத்து நிமிஷம்கூட ஆகாது, ஸ்டேஷனுக்குக் கீழயே பீச். நீஸ் பீச் முழுக்க கூழாங்கல்லு, வெறுங்கால்ல நடக்கவே முடியாது, இங்க கொரகொரன்னாவது மணல் இருக்கு. குழந்தைங்க இருந்தா குளிக்கிறதுக்கு இதுதான். சாயங்காலம் பழைய ஊருக்குள்ள போனா ரூ ஒப்ஸ்கூர்னு 13-ஆம் நூற்றாண்டுத் தெரு ஒண்ணு, வீடுங்களுக்கு அடியிலயே ஓடும், பகல்லயே இருட்டு. ஹார்பர் பக்கத்துல மீனவங்களோட சின்ன சர்ச் (சாப்பல்) ஒண்ணு இருக்கு, உள்ள முழுக்க 1957-ல ஃப்ரெஞ்ச் எழுத்தாளர், ஓவியர் ழான் கோக்தோ வரைஞ்சது. சின்னதுதான், விட்டுடாதீங்க.

அடுத்து ஏஸ். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஏஸ்-சுர்-மேர் ஸ்டேஷன் கடல் மட்டத்துல இருக்கு, நீங்க ஃபோட்டோல பாத்த கிராமம் 429 மீட்டர் மேல! கீழேருந்து மேல போற பாதைக்கு ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயோட பேரு, 1880கள்ல குளிர்காலத்துக்கு நீஸ் வந்து தங்குனப்ப அவர் ஏறி நடந்த பாதை. ஏற ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும், கல்லும் முள்ளுமா இருக்கும், பாதி இடத்துல நிழலே கிடையாது. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால எல்லாரும் நீஸ்ல இருக்கிற வோபான் பஸ் ஸ்டாண்ட்லேருந்து பஸ்ல நேரா மேல போயிட்டோம், திரும்பி வரப்ப அப்பாவும் அம்மாவும் பஸ், நாங்க மட்டும் பாதையில இறங்கி ட்ரெயின் புடிச்சோம். என்னைக் கேட்டா இதுதான் சரியான வழி, இறங்குறப்ப முழுக்க கடல் உங்க முன்னாடியே இருக்கும். நல்ல கிரிப் இருக்கிற ஷூ கண்டிப்பா வேணும்.

கிராமத்துக்குள்ள வண்டி கிடையாது, எல்லாம் கல்படிதான். உச்சியில இருந்த கோட்டைய 1706-ல பதினாலாம் லூயியோட படை இடிச்சுடுச்சு, அந்த இடிபாட்டைச் சுத்தி இப்ப கள்ளிச்செடித் தோட்டம். தனி டிக்கெட், ஆனா குடுத்த காசுக்கு மேலயே மதிப்பு, கீழ கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கிற கேப் ஃபெரா முழுசா தெரியும். காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் டூர் பஸ் கூட்டம் வந்து சந்துல நகரவே முடியாது. சாப்பாடு மட்டும் அங்க வேண்டாம். வியூ இருக்குன்னு ஒரு இடத்துல உக்காந்தோம், ஆறிப்போன பாஸ்தாவுக்கு நீஸ்ல ரெண்டு பேர் சாப்பிடுற காசு வாங்கிட்டாங்க.

எனக்கு ரொம்ப ரொம்ப புடிச்சது மந்தோன்தான். கடலும் மேடும் ஒரே ஊர்லயே இருக்கு, இத்தாலி பார்டர் பக்கத்துலயே. முன்னாடி மொனாக்கோ இளவரசர்கிட்ட இருந்து, 1861-ல ஃப்ரான்ஸ் காசு குடுத்து வாங்குன ஊரு, அந்த மஞ்சள், ஆரஞ்சு வீடுங்களப் பாத்தா இத்தாலி மாதிரியேதான் இருக்கும். சான் மிஷேல் சர்ச் படிக்கட்டு ஏறி, அப்படியே இன்னும் மேல போனா பழைய கோட்டை இருந்த இடத்துல கல்லறைத் தோட்டம், ஊர்லயே நல்ல வியூ அங்கதான், டிக்கெட்டும் கிடையாது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊரு, பிப்ரவரில பெரிய திருவிழா, அப்ப ரூம் ரேட் ஏறும்.

சான் போல் தெ வான்ஸ்னு இன்னொரு மலை ஊரு, அழகுதான், ஆனா தெரு முழுக்க ஆர்ட் கேலரி, கடை, எனக்கு அவ்வளவா ஒட்டல. ஓவியர் ஷகாலோட கல்லறை அங்க இருக்கு, வர்றவங்க கூழாங்கல் வெச்சுட்டுப் போறாங்க. பக்கத்துல 1964-ல திறந்த மாக் (Maeght) ஆர்ட் மியூசியத்துக்காகப் போகலாம், அதுக்கே அரை நாள் ஒதுக்குங்க.

வெஜ் ஆளுங்களுக்கு: நீஸ் பக்கத்து அடை மாதிரியான சோக்கா தைரியமா சாப்பிடலாம், கடலை மாவு, ஆலிவ் எண்ணெய், தண்ணி, உப்பு அவ்வளவுதான், மேல மிளகுத்தூள் தூவி சுடச்சுட குடுப்பாங்க. பீட்சா மாதிரி இருக்கிற பிஸ்ஸலாதியேர்ல வெங்காயம் மட்டும்தான்னு நெனச்சுடாதீங்க, நெத்திலி மாதிரி ஆன்சோவி மீன் போடுவாங்க, பான் பாஞ்யாங்கிற சாண்ட்விச்லயும் மீன் இருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு மேல நிறைய கிச்சன் மூடிடும், திரும்ப ஏழு மணிக்குத்தான், அதனால மலைக்குப் போற அன்னிக்கு கையில பிரெட், பழம் ஏதாவது வெச்சுக்கங்க.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் கூட்டமும் தாங்காது, மே இல்லன்னா செப்டம்பர் போங்க. மலைக்குப் போற பஸ் ஞாயித்துக்கிழமை கம்மியாத்தான் ஓடும், திரும்பி வர்ற கடைசி பஸ் டைமை ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்டாப்ல பாத்துக்கங்க.