புவெனஸ் ஐரிஸ் மாணவர் சாப்பாடு: பீட்சா கவுன்டரா, போதெகோனா, பாஸ்தா கடையா?

அர்ஜென்டினாவின் தலைநகரில் இருக்கும் புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. 1949இல் முதலில் நீக்கினார்கள். அதனால் கொலம்பியா, பெரு, பிரேசில் என்று மற்ற தென்னமெரிக்க நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வாடகையும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும். நிறையப் பேருக்குப் பகலில் வேலை, மாலையில் வகுப்பு. வகுப்பு முடிய இரவு பத்து ஆகிவிடும். அந்த நேரத்தில், மிச்சமிருக்கும் காசில் எங்கே சாப்பிடுவது?

இத்தாலியக் குடியேறிகள் ஏராளமாக வந்து சேர்ந்த ஊர் என்பதால் மலிவுச் சாப்பாடு என்றாலே பெரும்பாலும் இத்தாலிய வாடைதான் அடிக்கும். ஆனால் அதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் கணக்கு வேறு. விலையை உள்ளூர்ப் பணமான பேசோவில் எழுதிப் பயனில்லை. 2023இல் மட்டும் விலைவாசி 211.4% ஏறிய நாடு. இன்று எழுதும் எண் அடுத்த மாதமே பழங்கதை. எது எதைவிட மலிவு என்பது மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை.

முதலில் பீட்சா. கொர்ரியெந்தெஸ் என்ற பெரிய சாலையில் 1932 முதல் இருக்கும் குவெர்ரின் கடையை எடுத்துக்கொள்வோம். உள்ளே நாற்காலி போட்ட பெரிய கூடங்கள் உண்டு, அதெல்லாம் குடும்பத்தோடு வருபவர்களுக்கு. மாணவர்களுக்கு வாசலை ஒட்டிய கவுன்டர்தான். காசாளரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, பீட்சா வெட்டுபவரிடம் நீட்டினால் ஒரு துண்டு தட்டில் வந்து விழும். நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நேப்பிள்ஸ் பீட்சா போல மெல்லியதாக எதிர்பார்க்காதீர்கள். இங்கே தட்டிலேயே உப்ப விட்டுச் சுட்ட தடித்த மாவு. அதன் மேல் ஓரம் வழிய வழியச் சீஸ். இரண்டு துண்டில் வயிறு திம்மென்று ஆகிவிடும். வெங்காயம் குவித்த ஃபுகாசெத்தாவும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்களே என்று சொல்லிக்கொள்வது லா போக்கா பேட்டையில், அதே 1932இல் தொடங்கிய பான்கெரோ கடை.

துண்டோடு ஒரு ஃபைனாவும் வாங்குங்கள். கொண்டைக்கடலை மாவு, எண்ணெய், மிளகு சேர்த்து அடுப்பில் சுட்ட அடை. ஜெனோவாக்காரர்கள் கொண்டுவந்தது. அதைப் பீட்சாவின் முதுகில் ஏற்றிச் சாப்பிடுவதை ‘குதிரை மேல்’ என்கிறார்கள். பஜ்ஜியில் வளர்ந்த நாக்குக்கு இந்த ருசி உடனே பிடிபடும். மருத்துவம், பொருளியல் புலங்கள் இருக்கும் ஹவுசாய் சதுக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 1934இல் தொடங்கிய எல் குவார்த்தீத்தோவும் பதினைந்து நிமிட நடைதான். சுவர் முழுக்கக் குத்துச்சண்டை, கால்பந்துப் படங்கள். பீட்சாவில் எது உசத்தி என்று குவெர்ரின், குவார்த்தீத்தோ இரண்டு கடை ரசிகர்களும் அடித்துக்கொள்வார்கள். நான் அதற்குள் போகவில்லை, எனக்கு ஃபைனா மொறுமொறுப்பாக இருந்தால் போதும்.

தனி ஆளுக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. டிப்ஸ் கிடையாது, காத்திருப்பு குறைவு, நள்ளிரவு தாண்டியும் அடுப்பு எரியும். குறை என்னவென்றால், பேசிக்கொண்டு உட்கார முடியாது. வாரத்தில் நான்கு நாள் இதையே தின்றால் காய்கறி என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

இரண்டாவது போதெகோன். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பழைய சாப்பாட்டுக் கடை. இத்தாலியரும் ஸ்பானியரும் சேர்ந்து சமைத்த சமையல், மேசை மேல் காகித விரிப்பு, சோடா சைஃபன், பெங்குயின் வடிவ ஜாடியில் வீட்டு ஒயின். கலைப் புலம் இருப்பது கபாஷீத்தோ பேட்டையில், புவான் தெருவில், முன்பு சிகரெட் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில். அங்கிருந்து கொர்ரியெந்தெஸ் தூரம். ஆகவே பக்கத்துப் போதெகோன்தான் வசதி.

இங்கே ராஜா மிலனேசா நாபொலித்தானா. ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சி, மேலே ஹாம், தக்காளி, உருகிய சீஸ். பெயரைப் பார்த்து நேப்பிள்ஸ் என்று நினைக்க வேண்டாம். லூனா பார்க் அரங்கத்துக்கு அருகில் நாபொலி என்ற உணவகம் இருந்தது. கருகிப்போன மிலனேசாவை மறைக்கச் சீஸ் போட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது என்பது ஊர்க்கதை. தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு வரும் அளவு.

அதனால்தான் தனியாகப் போவது தப்பு. நான்கு பேர் போய் நான்கு தட்டு சொல்வதும் தப்பு. இரண்டு மிலனேசா, ஒரு வறுவல், ஒரு சாலட் போதும். அப்படிப் பங்கு போட்டால் தலைக்கு ஆகும் செலவு கவுன்டர் பீட்சாவுக்கு அருகே வந்துவிடும், கூடவே இரண்டு மணி நேர அரட்டையும். ஆனால் ‘குபியெர்த்தோ’ என்று பில்லில் ஒரு வரி இருக்கும். ரொட்டி, மேசைக்கான கட்டணம். அது தலைக்கு இவ்வளவு, தட்டுக்கு அல்ல. பங்கு போட்டாலும் அதிலிருந்து தப்ப முடியாது. பத்து சதவீத டிப்ஸ் தனி. இன்னொன்று: மதியம் மூன்று, நான்கு மணிக்கு மேல் சமையலறையை மூடினால் இரவு எட்டுக்குத்தான் திறப்பார்கள். ஆறு மணிக்குப் பசித்தால் நம் பாடு.

சைவம் என்றால் கொஞ்சம் கவனம். பாஸ்தா சரி, ஆனால் தூகோ என்ற தக்காளிச் சாற்றில் இறைச்சி கிடக்கலாம், கேட்டுவிடுங்கள். பல கடைகளில் மெனுவில் பாஸ்தா ஒரு விலை, சாறு தனி விலை. புதிதாக வருபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். கொர்ரியெந்தெஸை ஒட்டிய பிப்போ கடையில் தூகோவும், பேசில் இலை அரைத்த பெஸ்தோவும் கலந்த வெர்மிசெல்லி பேர்போனது. தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் என் ஓட்டு அதற்கு.

மூன்றாவது, அறையில் அடுப்பு இருப்பவர்களுக்கு. பேட்டையில் ‘ஃபாப்ரிகா தெ பாஸ்தாஸ்’ இருக்கும், அன்றன்று செய்த பாஸ்தா விற்கும் கடை. உள்ளே பூரணம் வைத்த ரவியோலி தகடு தகடாகப் பெட்டியில் வரும், சாறும் அங்கேயே கிடைக்கும். ஞாயிறு காலையில் வரிசை நிற்கும். மூவர் சேர்ந்து வாங்கிக் கொதிக்க வைத்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்காது. பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாதக் கடைசியில் மூன்றுக்கும் போட்டியாக ஞோக்கி வரும். ஸ்பானிய மொழியில் ‘ன்’ மேல் அலை போட்டு எழுதுவதை நாம் ‘ஞ’ என்று நேராகவே எழுதிவிடலாம், நமக்கு வசதி. உருளைக்கிழங்கும் மாவும் சேர்த்துப் பிடித்த உருண்டை. சம்பளம் வருவதற்கு முன், கை காலியாக இருக்கும் 29ஆம் தேதிக்கென்று உள்ள சாப்பாடு. தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிட்டால் அடுத்த மாதம் பணம் வரும் என்பார்கள். வேலைக்கு வராமல் சம்பளத்துக்கு மட்டும் தலை காட்டும் அரசு ஊழியருக்கும் அங்கே ஞோக்கி என்றே பெயர். 29 அன்று போதெகோனுக்குப் போனால் ஞோக்கி சொல்லுங்கள், மிலனேசாவை விட மலிவாகவே முடியும். நோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.