உருகலா, கொதித்தலா? மலையூர்ப் பிள்ளைகளுக்கு என்ட்ரோபி

பிளஸ் ஒன் வேதியியலில் என்ட்ரோபி (ஒரு பொருளில் ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) வந்ததும் பெரும்பாலும் ஐஸ் உருகுவதைத்தான் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ படிக்கும் பிள்ளைகளுக்குக் கொதிக்கும் தண்ணீர்தான் நல்ல தொடக்கம் என்பது என் கட்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

முதலில் வெப்பம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், அதே 0 டிகிரியில் தண்ணீராக 334 ஜூல் வேண்டும். ஊட்டிக் குழாயில் 15 டிகிரியில் வரும் தண்ணீரைக் கொதிக்கிற அளவுக்குச் சூடாக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஆனால் கொதித்த தண்ணீர் முழுக்க ஆவியாக ஒவ்வொரு கிராமுக்கும் மேலும் 2,270 ஜூலுக்குக் கொஞ்சம் கூடவே போகும். உருகலைப்போல ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஐஸ் உருகி முடியும்வரை, தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை, தெர்மாமீட்டர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பல பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ட்ரோபி அடுத்த வகுத்தலில்தான் இருக்கிறது. வாங்கிய வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டியது) வகுக்க வேண்டும். ஒரு மோல், அதாவது 18 கிராம், ஐஸ் உருக 6,010 ஜூல். 273ஆல் வகுத்தால் கெல்வினுக்கு 22 ஜூல் (இனி வரும் என்ட்ரோபி எண்களும் ஒரு மோலுக்கு இதே அலகில்தான்). கடல் மட்டத்தில் ஒரு மோல் தண்ணீர் ஆவியாக 40,660 ஜூல். 373ஆல் வகுத்தால் 109. வெப்பத்தில் ஏழு மடங்காகத் தெரிந்த இடைவெளி என்ட்ரோபியில் ஐந்து மடங்காகிவிட்டது. ஒரே அளவு வெப்பம் குளிர்ந்த பொருளில் அதிகமாகவும் சூடான பொருளில் குறைவாகவும் என்ட்ரோபியைக் கூட்டும் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

மலை உதவுவது இதற்கு அப்புறம்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல். அதனால் தண்ணீர் 93 டிகிரிக்குக் கிட்டவே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். வெப்பநிலை குறைந்ததால் வகுக்கும் எண்ணும் சிறியது. ஆவி இன்னும் விரிந்து பரவுகிறது. என்ட்ரோபி மாற்றம் 109இலிருந்து 112 அளவுக்கு ஏறுகிறது.

ஐஸோ அசையவே அசையாது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல்மேல் படியும் உறைபனியும் சென்னையில் டம்ளரில் கிடக்கும் ஐஸும் உருகுவது அதே 0 டிகிரியில்தான். ஊட்டியின் குறைந்த அழுத்தம் உருகுநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு உயர்த்தும், அவ்வளவே. அழுத்தம் மாறும்போது இந்த வெப்பநிலை எவ்வளவு நகரும் என்பது, கன அளவு மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் கிடைக்கும். உருகும்போது ஐஸ் 8 சதவீதம் சுருங்குகிறது, அதனால்தான் குறைந்த அழுத்தத்தில் உருகுநிலை இறங்காமல் ஏறுகிறது. ஊட்டியில் கொதிக்கும் தண்ணீரோ ஏறத்தாழ 2,000 மடங்கு விரிகிறது. வகுக்கும் என்ட்ரோபி ஐந்து மடங்கு பெரிதாக இருந்தும் அந்த விரிவை ஈடுகட்ட முடியவில்லை, அதனால்தான் கொதிநிலை இவ்வளவு நகர்கிறது.

கொதித்தலுக்கு இன்னொரு பலமும் உண்டு. பென்சீனுக்கு 87, பாதரசத்துக்கு 94 என்று பல திரவங்களின் ஆவியாதல் என்ட்ரோபி கிட்டக்கிட்டவே நிற்கிறது. இதைத்தான் டிரவுட்டன் விதி என்கிறோம். தண்ணீர் 109க்குத் தாவுவது ஹைட்ரஜன் பிணைப்பால். திரவத்திலேயே மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன, அந்தப் பிடி விடும்போது மாற்றம் பெரிதாகிறது. உருகலில் இப்படி ஒரு பொது எண் இல்லை. பாதரசம் 10ஐ ஒட்டி, ஐஸ் 22, பென்சீன் 35. படிகத்துக்குப் படிகம் கதை வேறு.

உருகலை ஒதுக்கச் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பயிருக்கு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 334 ஜூலைத் திருப்பித் தருகிறது. உறையும் தண்ணீரின் என்ட்ரோபி குறைகிறது. வெப்பம் வாங்கும் சுற்றுப்புறம் 0 டிகிரிக்குக் கீழே இருப்பதால் அங்கே அதைவிடச் சற்றுக் கூடுதலாக என்ட்ரோபி கூடுகிறது. மொத்த என்ட்ரோபி கூடும் திசையிலேயே இயற்கை போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் இது இரண்டாம் நாள் பாடம். முதல் நாள் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து, அது ஏன் 100ஐத் தொடவில்லை என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள்.