நானே வெட்டிய கிட்டார், 11 வருடங்களுக்குப் பிறகு

மட்டக்களப்பில் இருக்கும் மச்சான் போன கிழமை ஒரு படம் அனுப்பிக் கேட்டான்: "பழைய ஸ்ட்ராட் ஒண்டு விலைக்கு வருது. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் போட்டிருக்கு. வாங்கலாமோ?" ஸ்ட்ராட் என்றால் ஃபெண்டர் கம்பனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற மின் கிட்டார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் 'பிக்கப்' அதில் வழக்கமாக மூன்று, மூன்றும் ஒற்றைச் சுருள். ஹம்பக்கர் இரட்டைச் சுருள் பிக்கப், பிரிட்ஜ் கம்பிகள் உடம்பில் பூட்டியிருக்கிற இடம். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அதே வேலையை 21 வயதில் என் கிட்டாரில் செய்தவன் நான். 11 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, இந்த ஏழு மாதமாக அதைத்தான் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அதன் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகோணமலை உப்புவெளியில் அம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே, பையோடு கிடந்தது. போகிற அவசரத்தில் கம்பிகளைத் தளர்த்தாமலே வைத்துவிட்டுப் போயிருந்தேன். வில் மாதிரி வளைந்திருக்கும் என்று பயந்துதான் பையைத் திறந்தேன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃபிரெட்டுகளில், 12ஆவதில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நின்றது, அவ்வளவுதான். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு இரவு விட்டேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. கம்பி 2 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. கச்சான் காற்று தொடங்கியதும் பலகை காய்ந்து சுருங்கி, ஃபிரெட் முனைகள் விரலைக் கீறத் தொடங்கின. முந்தியும் ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், மாரி வந்ததும் உள்ளே போய்விடும். பதினொரு வாடையையும் பதினொரு கச்சானையும் தாங்கிய அந்தக் கழுத்தைக் கையில் பிடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பின்பக்கத்து வார்னிஷ் என் பெருவிரல் தேய்த்த இடத்தில் மட்டும் போய், மரம் வழவழவென்று இருக்கிறது. அப்படியே கை பொருந்திவிட்டது.

உப்புக்காற்று செய்த வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சின்னத் திருகாணிகள் எல்லாம் கறள். தேங்காய் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டபின் ஒன்றைத் தவிர எல்லாம் கழன்றன. அது தலை மழுங்கிப்போனதால் புதிதாக வாங்கினேன்.

சரி, கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற கோஷ்டி. பக்கத்திலேயே ஜெனரேட்டர், தலைக்கு மேலே வரிசையாக டியூப் லைட். ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த மின் இரைச்சலை எல்லாம் வாங்கித் தந்துவிடும். பாட்டு நின்ற இடத்தில் என் அம்ப்லிஃபயர் மட்டும் 'ம்ம்ம்' என்று தனியாக ஒலிக்கும். 1955இல் கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். சுற்றும் எதிர், காந்தமும் எதிர். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடும். அது வேண்டும் என்று முடிவெடுத்து, மாமாவின் உளியை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிட்டாரின் உடம்பை வெட்டினேன். இப்போது மூடியைக் கழற்றிப் பார்த்தால் பென்சில் கோடு அப்படியே தெரிகிறது. உளி அதை ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தாண்டிப் போயிருக்கிறது. அந்த இடத்தில் மரம் செதில் செதிலாக நிற்கிறது.

மேடைக்கு அது சரியான முடிவுதான். அதற்குப் பிறகு ஒரு திருவிழாவிலும் இரைச்சல் வரவில்லை. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இப்போது நான் வாசிப்பது இரவு எட்டு மணிக்கு மேல், முன் விறாந்தையில், குறைந்த சத்தத்தில். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய 250 கிலோ ஓம் வொலியூம் பொட்டையே விட்டிருந்தேன். அதனால் ஹம்பக்கர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கலாக இருந்தது. 500 போட்டேன். அது தெளிந்தது, மற்ற இரண்டு பிக்கப்பும் காதைக் குத்தத் தொடங்கின. அப்புறம் எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தெரிவுசெய்யும் சுவிட்சில் அந்த இரண்டுக்கும் மட்டும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கவாட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். 500உம் 470உம் இப்படிப் பக்கவாட்டில் இணையாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 242, கிட்டத்தட்டப் பழைய 250தான். ஒரு சின்ன ரெசிஸ்டரில் அந்தப் பிரச்சினை முடிந்தது. இப்படிக் கலந்து பூட்டிய கிட்டார் வைத்திருக்கிற எல்லாரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

தீராத ஒன்று இருக்கிறது. சுவிட்சின் இரண்டாம் நிலை, அதாவது பிரிட்ஜ் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து பேசுகிற இடம். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது சுவிட்சில் மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் அதை இடையில் நிறுத்திவைத்து அந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்ச் போட்டது. தண்ணீருக்குள் விரல் சுண்டியது போல, மெல்லியதாகவும் கூர்மையாகவும் வரும் ஒலி அது. என் கிட்டாரில் அந்த இடத்தில் தடித்த, அடைத்த சத்தம்தான் வருகிறது. ஹம்பக்கரின் ஒரு சுருளை அணைத்தால் கிட்டத்தட்டக் கிடைக்கும். அதற்கு நான்கு வயர் வெளியே வர வேண்டும். என்னுடையதில் ஒற்றை வயரும் அதைச் சுற்றிய வலையும் மட்டும்தான். ஏழு மாதமாக ஒவ்வொரு இரவும் கை பழக்கத்தில் அந்த நிலைக்குப் போகிறது, ஒவ்வொரு இரவும் எரிச்சல் வருகிறது. ஒற்றைச் சுருளையே திரும்பப் போடலாம். ஆனால் மூடியும் மாற்ற வேண்டும், வெட்டிய மரம் வெட்டியதுதான்.

மச்சானுக்கு எழுதியது இது: மூடியைத் திறந்து வயரைக் காட்டச் சொல். நான்கு என்றால் விலை பேசு. ஒற்றை என்றால், கழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதே.

"அப்ப உன்ர கிட்டாரைத் தாவன், நீதான் திட்டுறாயே" என்று உடனே பதில் போட்டான்.

தரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். அந்தக் கழுத்தை எனக்கு வேறு யார் தரப்போகிறார்கள்.